மலை ஏறும் முன் சார்ஜ்: ஊட்டி, கொடைக்கானல் பயணத்தில் வேகச் சார்ஜரை எங்கே நம்பலாம்?

எலெக்ட்ரிக் காரில் ஊட்டிக்குப் போகிறேன் என்று சொன்னால் எதிரே இருப்பவர் முதலில் கேட்பது, "வண்டி மலை ஏறுமா?" என்றுதான். ஏறும். பெட்ரோல் வண்டியைவிடச் சுலபமாகவே ஏறும். கொண்டை ஊசி வளைவில் கியர் குறைக்கிற வேலையோ, பாதி ஏற்றத்தில் என்ஜின் திணறி நிற்கிற பயமோ மின்மோட்டாருக்குக் கிடையாது. கேட்க வேண்டியது வேறு. மலைமேல் நம்பிப் போகும் வேகச் சார்ஜர் அன்றைக்கு வேலை செய்யுமா? செய்யாவிட்டால் அடுத்தது எங்கே? அந்த அடுத்ததும் அதே காரணத்தால் படுத்திருந்தால்?

முதல் இரண்டு கேள்விகளை எல்லாரும் யோசிக்கிறார்கள். மூன்றாவதை யோசிப்பவர்கள் குறைவு. நீலகிரியிலும் பழனி மலையிலும் விஷயமே அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது.

அதற்கு முன், மலை எவ்வளவு கரண்ட் கேட்கிறது என்று பார்த்துவிடலாம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். குன்னூர் வழியாகச் சாலைத் தூரம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். நான்கு பேர், பெட்டி படுக்கை எல்லாம் சேர்த்து 1,700 கிலோ இருக்கும் ஒரு காரை 1,900 மீட்டர் மேலே தூக்க மட்டும் 8.8 யூனிட் வேண்டும். வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான், அதாவது ஒரு கிலோவாட் மணி. மோட்டாரிலும் மற்ற பாகங்களிலும் சூடாகிப் போவதைச் சேர்த்தால் பத்து ஆகிவிடும். டயர் உருள்வதற்கும், எதிர்காற்றுக்கும், விளக்குக்கும் வைப்பருக்கும் இன்னொரு ஐந்து. ஆக மொத்தம் பதினைந்து யூனிட். பேட்டரி 40 யூனிட் கொள்கிற காருக்கு இது கிட்டத்தட்ட 38 சதவீதம்.

இதே பதினைந்து யூனிட்டில் சமவெளியில் நூறு கிலோமீட்டர் போய்விடலாம். காரின் திரையில் தெரியும் ரேஞ்ச் அந்தச் சமவெளிக் கணக்கைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. அதனால் "110 காட்டுகிறது, ஊட்டி 52தானே" என்று கல்லாறு தாண்டியவருக்கு, எல்லநள்ளி வரும்போது குளிரிலும் வியர்க்கும். மலையில் ஒரு கிலோமீட்டருக்குத் திரையில் இரண்டு கிலோமீட்டர் குறையும் என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தப்பு வராது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கும் ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான், உயர வித்தியாசம் 1,800 மீட்டர் போல. கணக்கில் பெரிய மாற்றம் இல்லை. பழனி வழியாக ஏறினால் தூரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

ஆனால் மலை இந்த யூனிட்டுகளைக் கைமாற்றாக வாங்கிக்கொள்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தைப் பிடித்தபடி பேட்டரிக்குள் கரண்ட்டை அனுப்பும். மேலே ஏற்றிவைத்த 8.8 யூனிட்டில் டயரும் காற்றும் தின்றது போக, வழியில் சூடாகிப் போனது போக, மேட்டுப்பாளையம் வந்து சேரும்போது பேட்டரியில், ஊட்டியில் கிளம்பியபோது இருந்ததைவிட இரண்டு மூன்று யூனிட் கூடுதலாக இருக்கும். ஏறி இறங்கி நூறு கிலோமீட்டருக்குச் செலவு பன்னிரண்டு, பதின்மூன்று யூனிட். சமவெளியில் ஆவதைவிட அதிகம் ஒன்றும் இல்லை.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் வருகிறது. மேட்டுப்பாளையத்தில் 80 சதவீதத்தோடு, அதாவது 32 யூனிட்டோடு கிளம்பினால் ஊட்டி போய்ச் சேரும்போது 17 இருக்கும். பைக்காரா வரை ஒரு நாள் போய்வர ஆறு யூனிட் போகட்டும். மிச்சம் 11. இறங்கினால் அது 13 ஆகும். வார இறுதியில் ஊட்டியைச் சுற்றிவிட்டு வருகிற குடும்பத்துக்கு, ஊட்டியில் வேகச் சார்ஜர் என்ற ஒன்று தேவையே இல்லை. அடிவாரத்தில் சரியாகச் சார்ஜ் போட்டிருந்தால் போதும்.

அப்படியென்றால் ஏன் எல்லாரும் "ஊட்டியில் எத்தனை ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கு?" என்று தேடுகிறார்கள்? பெட்ரோல் பங்க் பழக்கம். போகிற ஊரில் நிரப்பிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. பங்க்கில் பம்ப் கெட்டுப்போவது அபூர்வம். வேகச் சார்ஜர் அப்படிப்பட்ட எளிமையான பொருள் இல்லை.

வீட்டில் மாட்டும் மெதுவான ஏசி சார்ஜர், உண்மையில் ஒரு பாதுகாப்பான சுவிட்ச் மட்டுமே. ஏசி மின்சாரத்தை பேட்டரிக்கு வேண்டிய டிசியாக மாற்றும் வேலையைக் காருக்குள் இருக்கும் சாதனம் செய்கிறது. வேகச் சார்ஜரில் அந்த வேலை வெளியே, பீரோ அளவுப் பெட்டிக்குள் நடக்கிறது. உள்ளே அந்த மாற்றும் வேலையைச் செய்யும் இருபது, முப்பது கிலோவாட் மாட்யூல்கள் வரிசையாக இருக்கும். அவற்றைக் குளிர்விக்க விசிறிகள், தூசி வடிகட்டிகள், ஒரு திரை, ஒரு சிம் கார்டு, அவசரத்துக்கு அமுக்கும் சிவப்புப் பொத்தான். அந்தப் பொத்தானைக் குழந்தைகள் விளையாட்டாக அமுக்கிவிட்டுப் போவதும் உண்டு. யாராவது வந்து திருப்பி விடுவிக்கும் வரை முழுப் பெட்டியும் செத்த மாதிரி நிற்கும். மாட்யூல் ஒன்று போனால் 60 கிலோவாட் என்று எழுதியிருக்கும் பெட்டி 30தான் தரும். பழுது எதுவும் இல்லாவிட்டாலும், இரண்டு கன் (காரில் செருகும் கேபிளின் முனை) உள்ள பெட்டியில் பக்கத்தில் இன்னொரு கார் வந்து செருகினால் அறுபது முப்பது முப்பதாகப் பிரிந்துவிடும். முக்கால் மணி நேரம் என்று நினைத்துக் காபி சொன்னவர் சாப்பாடே சொல்ல வேண்டியிருக்கும்.

கன்னைச் செருகியதும் என்ன நடக்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. நம் நாட்டுக் கார்களில் இப்போது பொதுவாக இருக்கும் சிசிஎஸ் 2 என்ற வேகச் சார்ஜ் முறையில், முதலில் காரும் சார்ஜரும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ள வேண்டும். அப்புறம் கன் பூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு சார்ஜர் கேபிளில் மின்னழுத்தம் கொடுத்து எங்காவது கசிகிறதா என்று சோதிக்கும். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் பேட்டரியின் இணைப்பு திறந்து கரண்ட் பாயும். இன்னொரு பக்கம், பணம் கட்டியவர் இவர்தான் என்று எங்கோ இருக்கும் சர்வர் சம்மதம் சொல்ல வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் சார்ஜ் ஏறாது. விடாத தூறலும் பனிமூட்டமுமாக இருக்கும் ஊரில் கன்னின் பின்களில் ஈரம் இறங்கியிருந்தால், அந்தக் கசிவுச் சோதனையிலேயே சார்ஜர் நின்றுவிடலாம். அது பழுது இல்லை, பாதுகாப்பு. ஆனால் மழையில் நிற்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

செயலியில் தெரியும் பச்சைப் புள்ளியின் கதை இதோடு சேர்ந்தது. சார்ஜர் சர்வரோடு தொடர்பில் இருக்கிறது, வேறு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை என்பதற்கு மேல் அந்தப் பச்சை பெரும்பாலும் எதையும் சொல்வதில்லை. கன்னின் பின் வளைந்திருந்தாலும் பச்சைதான். மறுபக்கம், டவர் போய்ச் சாம்பல் நிறத்தில் தெரியும் சார்ஜர், கார்டு காட்டினால் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுவதும் நடக்கும். அதனால் புள்ளியின் நிறத்தைவிட, கடைசியாக எப்போது, எந்த மாடல் கார் அங்கே வெற்றிகரமாகச் சார்ஜ் ஏற்றியது என்று பயணிகள் போட்டிருக்கும் குறிப்பைத்தான் நான் நம்புவேன். நேற்று மாலை ஒருவர் அரை மணி நேரம் ஏற்றியிருக்கிறார் என்றால் அது செய்தி. மூன்று மாதமாக ஒருவரும் எதுவும் எழுதவில்லை என்றால் அதுவும் ஒரு செய்திதான்.

இந்த இடைவெளி நம் ஊருக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஆய்வாளர்கள் பொது வேகச் சார்ஜர்களின் 657 கன்களை நேரில் போய்ச் சோதித்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். ஒழுங்காக வேலை செய்தவை 72.5 சதவீதம். எலெக்ட்ரிக் கார்கள் அதிகம் ஓடும் ஓர் இடத்திலேயே அந்த நிலை. அதன் பிறகு அங்கே மத்திய அரசுப் பணத்தில் அமைக்கும் சார்ஜர்கள் ஆண்டில் 97 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்று விதி வந்தது. பிரிட்டனில் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள சார்ஜர்களை நடத்தும் நிறுவனங்கள், தம் வலையமைப்பில் சராசரியாக 99 சதவீதம் காட்ட வேண்டும் என்ற விதி 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அமெரிக்க விதியில் மின்சாரம் தருகிற நிறுவனத்தின் பக்கம் கரண்ட் போனால், இயற்கைச் சீற்றம் வந்தால், அந்த நேரம் கணக்கில் சேராது. குன்னூரில் ஆடி மாதக் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போன இரவை அந்த விதிப்படி அளந்தால், சார்ஜர் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கும்!

நம் மத்திய மின்துறை 2022இல் தந்த வழிகாட்டுதல் தூரத்தை வைத்துப் பேசியது: நகரங்களில் மூன்றுக்கு மூன்று கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு சார்ஜிங் நிலையம், நெடுஞ்சாலையில் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று. சேலத்திலிருந்து அவிநாசி போகிற மாதிரிச் சாலைக்கு இது பொருத்தம். அங்கே ஒரு சார்ஜர் கைவிட்டால் அடுத்ததற்குப் போய்விடலாம், அரை மணி நேர எரிச்சலோடு முடிந்துவிடும். மலையில் தூரம் மட்டும் போதாது.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு கன் வேலை செய்ய 73 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கன் இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் கைவிடும் வாய்ப்பு ஏழு சதவீதம். நான்கு இருந்தால் அது அரை சதவீதம்தான். ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையோடுதான் செல்லும்: ஒன்று கெடுவதற்கும் மற்றொன்று கெடுவதற்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. ஒரே பெட்டியில் தொங்கும் இரண்டு கன்னுக்கும் ஒரே பிரேக்கர், ஒரே சிம். ஒரே பங்க்கில் வேறு வேறு நிறுவனத்தின் இரண்டு பெட்டிகள் இருந்தாலும் பெரும்பாலும் ஒரே டிரான்ஸ்பார்மர். வேறு வேறு ஊரில் இருக்கும் ஒரே நிறுவனத்தின் இரண்டு சார்ஜருக்கும் ஒரே சர்வர், செயலியில் முன்பணம் போட்டுவைக்கும் ஒரே வாலட். மாற்று என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பல நேரம் அதே சார்ஜரின் இன்னொரு முகம்தான்.

மலையில் இந்தப் பிணைப்பு இன்னும் இறுகுகிறது. கற்பூர மரமும் சில்வர் ஓக்கும் சாலையோரம் நிற்கும் ஊரில், தென்மேற்குப் பருவமழைக் காற்று அடித்தால் மரமும் கம்பியும் சேர்ந்தே விழும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி நாளில் கரண்ட், டவர், ரோடு மூன்றும் ஒன்றாகவே போகும். வேடிக்கை என்னவென்றால், 1932இலேயே பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய மலை இது. குந்தா நீர்மின் நிலையங்களும் இங்கேதான். தயாராகிற மின்சாரம் உயரமான கோபுரங்களின் மேலேறி கோவைப் பக்கம் போய்விடுகிறது. மலைக்காரர் வீட்டுக்கு வருவது மரங்களுக்கு நடுவே தொங்கும் கம்பிதான். லைன்மேன் மழையில் ஏறிச் சரிசெய்து கரண்ட் வந்த பிறகும், சில வேகச் சார்ஜர்கள் தாமாக உயிர்பெறாது. யாராவது போய் ரீசெட் செய்ய வேண்டும். அந்த யாரோ கோவையிலிருந்து ஏறி வர வேண்டியிருக்கும்.

அதனால் மலைமேல் எனக்கு நம்பிக்கை மெதுவான சார்ஜில்தான். லாட்ஜில் 15 ஆம்பியர் சாக்கெட் ஒன்று, காரோடு வந்த போர்ட்டபிள் சார்ஜர். செயலி வேண்டாம், டவர் வேண்டாம், வாலட்டில் பணம் மாட்டிக்கொள்ளும் தலைவலி இல்லை. இரவு ஒன்பதுக்குச் செருகிக் காலை ஆறுக்கு எடுத்தால், மணிக்கு மூன்று யூனிட் வீதம் 27. இழப்பு போகப் பேட்டரியில் 24 நிற்கும். 40 யூனிட் காருக்குப் பாதிக்கு மேல். நடுவில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனாலும் குடி முழுகிப்போகாது. வந்ததும் பல கார்களில் சார்ஜ் தானாகத் தொடரும். மார்கழி, தை மாதங்களில் காந்தல், தலைக்குந்தா பக்கம் புல்லில் உறைபனி படியும் காலையில், குளிர்ந்த பேட்டரி வேகச் சார்ஜை முழு வேகத்தில் வாங்காது. இரவெல்லாம் மெதுவாக ஏறுகிற சார்ஜுக்கு அந்தச் சிக்கலும் குறைவு.

இதில் ஒரே ஒரு முட்டுக்கட்டை உண்டு, எர்த். பழைய பங்களா லாட்ஜுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதற்குள் எர்த் இருக்காது. பெரும்பாலான கார்கள் எர்த் இல்லாவிட்டால் சார்ஜ் வாங்க மறுத்துவிடும். கரண்ட் போய் டீசல் ஜெனரேட்டரில் ஓடும்போதும் இதே முரண்டு வரலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாக்கெட் டெஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டியை இறக்கும் முன்பே செருகிப் பார்த்துவிடுவது நல்லது. மேனேஜர் தயங்கினால் கீசரைக் காட்டிப் பேசலாம். அறைக்கு அறை ஓடும் கீசரும் இரண்டு மூன்று கிலோவாட்தான் இழுக்கிறது. ஆனால் நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: கீசர் கால் மணி நேரம் ஓடும், கார் ஒன்பது மணி நேரம் இழுக்கும். மெல்லிய வயரும் தளர்ந்த சாக்கெட்டும் அதற்குள் சூடேறிவிடும். அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் காரில் வசதி இருந்தால் 10 ஆம்பியருக்குக் குறையுங்கள். யூனிட்டுக்கு இவ்வளவு என்று பேசிப் பணம் கொடுத்துவிடுவதும் அடுத்து வருகிறவருக்கு நல்லது.

ஊருக்கே பார்த்தாலும் இதுதான் சரி என்று தோன்றுகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரு மலைகளுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வைத்தார்கள். ஒரு கணக்குக்காக, அந்த எட்டாயிரத்தில் நூற்றுக்கு மூன்று எலெக்ட்ரிக் என்று வைப்போம். 240 கார். ஆளுக்கு 20 யூனிட் வேகச் சார்ஜரில் ஏற்ற, முப்பது கிலோவாட் வேகத்தில் ஒரு காருக்கு நாற்பது நிமிடம். பன்னிரண்டு மணி நேரம் இடைவெளியே இல்லாமல் ஓடினாலும் பதின்மூன்று, பதினான்கு கன் வேண்டும். ஆனால் வருகிறவர்கள் அப்படிச் சீராக வரமாட்டார்கள், எல்லாரும் மத்தியானத்துக்குள் வந்து குவிவார்கள். அதே 240 காரும் இரவில் ஊர் முழுக்கப் பரவலாக லாட்ஜ் சாக்கெட்டில் நின்றால் மொத்தச் சுமை 720 கிலோவாட்தான், அதுவும் ஊர் தூங்குகிற நேரத்தில். மலைமேல் இன்னொரு பெரிய சார்ஜருக்குச் செலவழிக்கும் பணத்தில் லாட்ஜுகளில் நல்ல எர்த்தோடு சாக்கெட் போட உதவினால், பயன்பெறுகிறவர்கள் அதிகமாக இருப்பார்கள்.

வேகச் சார்ஜருக்கு உரிய இடம் அடிவாரம். அங்கேயும் மூன்றாவது கேள்வியை விடக் கூடாது. மேட்டுப்பாளையத்துக்குப் பத்து சதவீதத்தோடு வந்து சேர்ந்தால், அங்கே இருப்பது வேலை செய்தே ஆக வேண்டும். முப்பது சதவீதத்தோடு வந்தால் முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி கோவை இருக்கிறது. வேறு லைன், வேறு நிறுவனங்கள். வத்தலக்குண்டுக்கு அதே மாதிரி திண்டுக்கல். பழனி வழியில் போகிறவர்களுக்கு உடுமலையோ ஒட்டன்சத்திரமோ. மைசூர் பக்கமிருந்து வருகிறவர்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும். குண்டலுப்பேட்டையில் இரவு ஏழரைக்கு ஒரு சார்ஜர் கைகொடுக்காவிட்டால், அடுத்ததைத் தேடி ஏற்றி முடிப்பதற்குள் கேட் விழுந்துவிடும். ராத்தங்கல் அங்கேயேதான்.

இறங்கும் நாளுக்கு இரண்டு குறிப்பு. லாட்ஜில் இரவெல்லாம் செருகி 100 சதவீதம் ஆக்கிவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரிக்குள் கரண்ட் போக இடம் இல்லை, அதனால் மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். மலைப்பாதையில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி வைத்திருக்கும் பலகைகள் எந்த ஆபத்துக்காக எழுதப்பட்டனவோ, கியரே இல்லாத காருக்கும் அந்த ஆபத்து அப்போது வந்துவிடும். எண்பது, எண்பத்தைந்தில் நிறுத்திவிடுவது பாதுகாப்பு. மற்றொன்று, சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் சாலை, இறங்குவதற்குக் கோத்தகிரி சாலை என்று ஒருவழியாக்குவார்கள். குன்னூரில் பார்த்துவைத்த சார்ஜர் திரும்பும்போது உங்கள் பாதையிலேயே இருக்காது. கோத்தகிரி வழியாக இறங்குகிற கூட்டம் ஞாயிறு மத்தியானம் மொத்தமாக மேட்டுப்பாளையத்தில்தான் போய் நிற்கும். பேட்டரியில் 13 யூனிட் இருந்தால் சமவெளியில் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம். அன்னூர் தாண்டி அவிநாசி முப்பத்தெட்டு கிலோமீட்டர்தான். அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம்.